எழுபது முடக்கு, ஒரு சின்ன அப்பாயி

முதல் நாள்: காங்கேசன்துறை – நாகப்பட்டினம் – திருச்சி

எங்கள் வன்னிப் பக்கம் மலை கிடையாது. இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்றால் அதுதான் எங்களுக்கு உயரம். ஏ9 வீதி கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் வரை நூல் பிடித்த மாதிரிக் கிடக்கும், நாலாவது கியரில் போட்டுவிட்டால் திரும்பக் கியரைத் தொட வேண்டிய தேவையே வராது. அந்த ரோட்டில் மோட்டார் சைக்கிள் பழகின மூன்று பேர் இன்றைக்குக் கடல் தாண்டி வந்திருக்கிறோம், மலை ரோட்டில் ஓட.

காலபோக அறுவடை முடிந்து, நெல்லைக் கொடுத்து, கடனைக் கட்டி, மிச்சக் காசை வைத்துப் போட்ட பயணம் இது. கூட வருகிற இரண்டு பேரும் பேர் போடாதே என்று சொல்லிவிட்டார்கள், அதனால் ஊர்ப் பேரையே வைக்கிறேன். புதுக்குடியிருப்பு கராஜ் வைத்திருப்பவன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளைக் காபரேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டின தகப்பனிடம் தொழில் பழகினவன். மல்லாவி உழவு மெசின் வைத்திருக்கிறான், ஆறு ஏக்கர் வயலும் உண்டு. நான் பாரதிபுரம்.

எனக்கு மட்டும் இன்னொரு காரணமும் இருக்கிறது. என் அப்பாயி (இவர்கள் அப்பம்மா என்பார்கள், மலைநாட்டிலிருந்து வந்த எங்கள் வீட்டில் அப்பாயிதான்) ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கொழுந்து எடுத்து, 1977 கலவரத்தோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தவர். அவருடைய ஒரே தங்கச்சி அதற்கு மூன்று வருசம் முந்தியே இந்தியாவுக்குப் போய்விட்டார். இப்போது நீலகிரியில், கூடலூருக்கு அங்கால சேரம்பாடி என்ற இடத்தில் இருக்கிறார். அப்பாயி ஐந்து வருசத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கச்சி, எனக்குச் சின்ன அப்பாயி, இருக்கிறார்.

விடிய பஸ் ஏறி காங்கேசன்துறை. சிவகங்கை கப்பல் மதியம் தாண்டித்தான் வெளிக்கிட்டது. ஏறக்குறைய நாலு மணித்தியாலம். கடல் அமைதி, மல்லாவிக்கு மட்டும் முதல் ஒரு மணித்தியாலம் வயிறு பிரட்டியது, அப்புறம் சரியாகிவிட்டது. நாகப்பட்டினத்தில் சுங்கத்தில் பையைத் திறந்தார்கள். புழுக்கொடியலை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "இது என்னண்ணா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. பனங்கிழங்கை அவித்துக் காய வைத்தது என்று சொன்னேன். ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நாகையிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் பஸ். இப்போது இரவு பதினொன்றரை. விடிந்தால் வண்டி எடுக்க வேண்டும், படுக்கிறேன்.

இரண்டாம் நாள்: திருச்சி – கொல்லிமலை

இங்கே யாரும் மோட்டார் சைக்கிள் என்று சொல்வதில்லை. வண்டிதான். "வண்டி எத்தன நாளைக்குண்ணா?" வாடகைக் கடையில் இரண்டு புல்லட், ஒரு பல்சர் எடுத்தோம். கொழும்பு ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுத்த சர்வதேச அனுமதிப் புத்தகத்தை அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படம் பிடித்துக்கொண்டார். இங்கேயும் இடது பக்கம் ஓடுகிற நாடு என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் புல்லட் 195 கிலோ. நானும் மல்லாவியும் ஊரில் சிடி 100 ஓடுகிறவர்கள். ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தும்போதே கை சொல்லிவிட்டது, இது வேறு சாமான் என்று.

முசிறி வரைக்கும் காவிரி கூடவே வந்தது, முக்கால்வாசி மணல்தான். தொட்டியத்தில் வாழைத்தோட்டம் கண்ணுக்கு எட்டின தூரம். நாமக்கல்லில் லொறிக்கு பொடி (பாடி) கட்டுகிற பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன, புதுக்குடியிருப்பு ஒன்றின் வாசலில் நிறுத்தி வெல்டிங் பார்க்கத் தொடங்கினால் அரை மணித்தியாலம் நகரவில்லை. அங்கிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, பிறகு அடிவாரம் காரவள்ளி.

காரவள்ளியில் முதல் பலகை: கொண்டை ஊசி வளைவு 1/70.

எழுபது! நாங்கள் முடக்கு என்கிறதைத்தான் இவர்கள் வளைவு என்கிறார்கள். எங்கள் நாட்டிலும் மகியங்கனைப் பக்கம் 18 முடக்கு இருக்கிறது, அப்பாயியின் ஹட்டன் ரோட்டும் நேராக இல்லை. ஆனால் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து பார்ப்பது வேறு, ஹாண்டிலைப் பிடித்துத் திருப்புவது வேறு.

முதல் அஞ்சு முடக்கில் நான் செய்த பிழை, முன் சில்லுக்குப் பக்கத்தில் பார்த்தது. கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். கிட்டப் பார்த்தால் வண்டி கிட்டவே விழுந்து மடங்கும், பிறகு காலை ஊன்ற வேண்டிவரும், 195 கிலோவுக்குக் காலை ஊன்றினால் கால்தான் நோகும். புதுக்குடியிருப்பு பல்சரில் முன்னால் போய் நின்று கத்தினான்: "மச்சான், முடக்குக்கு வரமுதல் கியரைக் குறை. உள்ளுக்க வந்து குறைக்காத. தலையைத் திருப்பி ரோட்டு எங்க முடியுதோ அங்க பார்." செய்து பார்த்தேன். எட்டாவது முடக்கில் வண்டி தானாகச் சாய்ந்து தானாக நிமிர்ந்தது. அந்த ஒரு முடக்குக்கே கடல் தாண்டி வந்தது சரி என்று பட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பதினைந்து, இருபது வரை வெக்கை. பிறகு காற்று மாறுகிறது, தோளில் முதலில் தெரியும். மதிலில் குரங்குகள் குந்தி இருக்கின்றன, கையில் பை இருந்தால் கிட்ட வரும். முப்பத்திச் சொச்சத்தில் அரசாங்க பஸ் ஒன்று இறங்கி வந்தது. அந்த முடக்கில் பஸ் திரும்ப எங்களுடைய பக்கமும் சேர்த்து முழு ரோட்டும் வேண்டும். ஏறுகிறவனுக்குத்தான் முதல் வழி என்பது மலை ரோட்டுச் சட்டம், ஆனால் சட்டம் பஸ்ஸைச் சின்னதாக்காது. முடக்குக்கு முதலே ஓரம் கட்டி நின்றோம். சாரதி கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

அப்பாயி சொல்லுவார், மலையில் வாகனத்தைக் காண முந்திக் காதில் கேட்கும் என்று. சின்ன வயதில் கொழுந்துக் கூடையோடு ரோட்டைக் கடக்கும்போது லொறிச் சத்தத்தை வைத்தே அது எத்தனை முடக்குத் தள்ளி வருகிறது என்று சொல்லுவார்களாம். வன்னியில் அது ஒரு கதையாகத்தான் எனக்குக் கேட்டது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓடிப் பார்த்தேன். கேட்கிறது. ஆனால் மேலே இருந்தா, கீழே இருந்தா என்று எனக்குப் பிடிபடவில்லை.

எழுபதாவதில் படம் எடுத்தோம். செம்மேட்டில் அறை. ரோட்டோரம் பாயில் மிளகு காயப் போட்டிருக்கிறார்கள், வாசம் மூக்கில் ஏறுகிறது. சந்தியில் வல்வில் ஓரிக்குச் சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் இந்த மலைக்காரன் என்பது சிலையைப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது. அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கு மேல் படி. பங்குனியில் தண்ணீர் குறைவு, ஆனால் அந்தக் குளிரில் தலையைக் கொடுத்து நின்றதும் உடம்பு முழுக்கக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஏறும்போது மூன்று பேரும் கதைக்கவில்லை, மூச்சு வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள்: கொல்லிமலை – மேட்டுப்பாளையம்

இன்றைக்குப் பெரிய விபத்து ஒன்று நடக்காமல் போனது. அதை மட்டும் ஒழுங்காக எழுதுகிறேன், மலை ரோட்டுக்கு முதல் முறை போகிற எங்கள் பக்கத்துப் பொடியள் வாசிக்க வேண்டும்.

இறங்கும்போது மல்லாவி கடைசியாக வந்தான். ஐம்பதாவது முடக்கைத் தாண்டின பிறகு எனக்கு ஒரு மணம் வந்தது, கருகின ரப்பரும் இரும்பும் சேர்ந்த மாதிரி. என்னுடைய வண்டி என்று நினைத்து ஓரம் கட்டினேன். மல்லாவி என்னைத் தாண்டிப் போனான், போகும்போது அவன் முகத்தைக் கண்டேன். "பிரேக் இல்லை மச்சான்" என்றான், கத்தக்கூட இல்லை. அவன் அதிர்ஷ்டம், அடுத்த முடக்குக்கு முதல் கொஞ்சம் மட்டமான துண்டு ஒன்று இருந்தது. முன் பிரேக்கைப் பிடித்து, மலைப் பக்க மண்ணில் ஏற்றி நிறுத்திவிட்டான். மற்றப் பக்கம் என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பின் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. போத்தல் தண்ணீரை ஊற்றப் போனேன், புதுக்குடியிருப்பு கையைப் பிடித்துவிட்டான். சூட்டில் தண்ணீர் பட்டால் தட்டு நெளிந்துவிடும், விடு, தானாக ஆறட்டும் என்றான். பின் பிரேக் பெடலைக் கையால் அமத்திக் காட்டினான். பஞ்சு மாதிரி உள்ளே போனது. பிரேக் ஒயில் சூட்டில் கொதித்துக் குமிழி வந்துவிட்டது, குமிழி நசியும், ஒயில் நசியாது, அதனால் மிதிக்கிற மிதி குமிழியை நசிப்பதோடு முடிந்துவிடுகிறது, தட்டைப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. அவன் இதை ரோட்டோரம் குந்தி இருந்து, ஒரு குச்சியால் மண்ணில் கீறிக் கீறிச் சொன்னான்.

எப்படி வந்தது என்று கேட்டால், மல்லாவி இறக்கம் முழுக்கக் கிளச்சைப் பிடித்துக்கொண்டு பின் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்திருக்கிறான். ஏன்? பெற்றோல் மிச்சம் பிடிக்க. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் தந்த காலத்தில், சின்ன இறக்கம் கண்டாலும் கிளச்சைப் பிடித்து உருள விட்டுப் பழகின கை அது. எங்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மட்டமான ஊரில் அது காசு மிச்சம். இங்கே அது ஆளைக் கொல்லும்.

இரண்டாவது கியரில் போட்டு, அக்சிலேற்றரை முழுக்க மூடி, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட வேண்டும். பிரேக் முடக்குக்கு முதல் மட்டும், பிடித்துவிட்டு விட வேண்டும். புதுக்குடியிருப்பு இன்னொன்றும் சொன்னான்: இது காபரேற்றர் வண்டி இல்லை, இன்ஜெக்‌ஷன், கியரில் போட்டு அக்சிலேற்றரை மூடி இறங்கினால் எஞ்சினுக்குப் பெற்றோல் போவது அனேகமாக நின்றுவிடும். கிளச்சைப் பிடித்தால்தான் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கப் பெற்றோல் எரியும். "நீ மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவழிச்சிருக்கிறாய்" என்றான். மல்லாவி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட இருந்தோம். பெடல் திரும்ப இறுகின பிறகு புதுக்குடியிருப்பு அந்தப் புல்லட்டைத் தான் வாங்கிக்கொண்டு பல்சரை அவனுக்குக் கொடுத்தான். கீழே நாமக்கல்லில் ஒரு பட்டறையில் இடம் கேட்டு, புது ஒயில் வாங்கி, பழசை முழுக்க வடித்து மாற்றினான். பட்டறைக்காரர் இடத்துக்குக் காசு வாங்கவில்லை, தேத்தண்ணியும் வாங்கித் தந்தார்.

பிறகு திருச்செங்கோடு, ஈரோடு, சத்தியமங்கலம். நல்ல ரோட்டு, நல்ல வெயில், எழுத ஒன்றும் இல்லை. மேட்டுப்பாளையத்தில் கமுகந் தோட்டங்களுக்குப் பின்னால் நீலமாக ஒரு சுவர் நின்றது. முகில் என்று நினைத்தேன். நீலகிரி.

நாலாம் நாள்: மேட்டுப்பாளையம் – கோத்தகிரி – ஊட்டி

நீலகிரிக்கு வெளி வண்டி போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், சென்னை உயர் நீதிமன்றம் போட்ட கட்டளை. நேற்றிரவே போனில் எடுத்து வைத்தோம். சோதனைச்சாவடியில் பாஸைப் பார்த்துவிட்டுப் பையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்டிக் போத்தலுக்கு மலையில் தடை. மல்லாவி வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் போத்தலைக் காட்டினான், அவனுக்கு அதில் ஒரு சந்தோசம்.

கோத்தகிரி ரோட்டு 33 கிலோமீற்றர், கொல்லிமலை மாதிரி உடனுக்குடன் மடியாது, நீளமாக வளைந்து வளைந்து ஏறும். முடக்கை எண்ண மறந்துவிட்டோம். ஒரு சந்து திரும்பினதும் தேயிலை வந்துவிட்டது. எச்சரிக்கை ஒன்றும் இல்லை, இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் திரும்பினால் மலை முழுக்கத் தேயிலை.

நான் வண்டியை நிறுத்தினேன். இவர்கள் இருவரும் படம் எடுக்க நிறுத்தினேன் என்று நினைத்தார்கள். பாரதிபுரத்தில் எங்கள் வளவில் ஒரு முருங்கை நிற்கிறது, அப்பாயி அதில் இலை ஆயும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும்தான் வேலை செய்யும், கிள்ளி உள்ளங்கையில் சேர்த்து, கை நிறைந்ததும் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் எறிவார். பின்னால் கூடை இருக்காது. முருங்கை இலை முற்றத்தில் விழும். அம்மா பேசுவார், பிறகு கூட்டி அள்ளுவார். சின்ன வயதில் அதை ஏன் செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கு அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தோளில் கூடை இல்லாமல் அவர் வன்னியில் இருந்த நாற்பது வருசமும் ஒன்றாக வந்து இறங்கியது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் விரலால் எடுக்கவில்லை. பெரிய கத்தரி, அதன் ஒரு பக்கத்தில் பை கட்டியிருக்கிறது, வெட்ட வெட்டக் கொழுந்து பையில் விழும். வேகம்தான். அப்பாயி பார்த்திருந்தால் முற்றின இலையும் சேர்ந்து போகுதே என்று நின்று சண்டை பிடித்திருப்பார்.

கோத்தகிரியில் கன்னேரிமுக்கில் சல்லிவனின் பங்களாவைப் பார்த்தோம். 1819 இல் மேலே ஏறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர். ஊட்டிக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். 2,240 மீற்றர். குளிருக்குக் கை விறைத்துக் கிளச் பிடிக்கக் கஷ்டமாக இருந்தது. ஊட்டியைப் பற்றி எழுத எனக்கு ஆசை இல்லை, சனம் கூட, ஹோர்ன் சத்தம் கூட. நாளைக்குச் சேரம்பாடி.

ஐந்தாம் நாள்: ஊட்டி – நடுவட்டம் – சேரம்பாடி

பைக்காரா தாண்டி நடுவட்டத்தில் இறக்கம் தொடங்குகிறது. மல்லாவி இரண்டாவது கியரில், கால் பெடலைத் தொடாமல் முன்னால் போனான். ஊசிமலையில் நின்று பார்த்தால் கூடலூர் கீழே கிண்ணத்துக்குள் கிடக்கிறது. கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர், சேரம்பாடி. ரோட்டு ஒடுக்கம், ஈரம், காடு. இதற்கங்கால கேரளம்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதினார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, 15 வருசத்துக்குள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968 இலிருந்து இந்த மலைகளில் தேயிலை போட்டது, இப்போது அதற்கு டான்டீ என்று பெயர். எங்கள் வீட்டில் அது இப்படி நடந்தது: சின்ன அப்பாயியின் புருசன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், என் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். 1974 இல் தங்கச்சி ஹட்டனில் ரயில் ஏறியதுதான் அக்காவும் தங்கச்சியும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு கடிதம். 2009 இல் அந்தக் கடிதங்களும் ட்ரங்குப் பெட்டியோடு போய்விட்டன. மூன்று வருசத்துக்கு முன்னால் சின்ன அப்பாயியின் மகளான அத்தையின் மகன் என் தம்பியை முகநூலில் கண்டுபிடித்தான், அதற்குள் அப்பாயி போய்விட்டார்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அத்தை நின்றார். சின்ன அப்பாயி உள்ளேயிருந்து எழும்பி வந்தார். எண்பதுக்குக் கிட்ட. ஹெல்மெட்டைக் கழற்றினதும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கு அக்கா மூக்கு" என்றார். பிறகு இவர்கள் இருவரையும் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் புள்ளைங்க சாமி?" என்றார். வன்னிப் பிள்ளைகள் என்றேன்.

"வன்னியா? நான் பாத்திருக்கேனே."

எனக்கு விளங்கவில்லை. தலைமன்னாருக்கு ரயிலில் வந்தபோது, மதவாச்சி தாண்டினதும் காடு, செட்டிகுளம், மடு, முருங்கன், விடிய விடிய யன்னலில் காடு மட்டும்தான். இதில் ஆள் இருக்குமா என்று புருசனிடம் கேட்டாராம். பிறகு இராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. "அந்தக் காட்டுக்கா எங்கக்கா போச்சு?" என்று கேட்டார். ஓம் என்றேன். காட்டை வெட்டிக் கிணறு தோண்டி வீடு கட்டினதைச் சொன்னேன், இரணைமடுத் தண்ணீரைச் சொன்னேன், கொண்டுவந்த இரண்டு கிலோ மொட்டைக்கறுப்பன் அரிசியைக் கொடுத்தேன். அரிசியை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அதே விரல், அதே தள்ளு.

யானைக் கதையில் மல்லாவி சேர்ந்துகொண்டான். இங்கே இரவில் வாசலுக்கு வருமாம். எங்களுக்கும் அப்படித்தான், யானை வெடி கொளுத்திப் போடுவோம் என்று அவன் கையால் காட்டிச் சொல்ல, அத்தையின் பேரப்பிள்ளைகள் அவனைச் சுற்றி இருந்துவிட்டார்கள்.

அப்பாவோடு பேச வேண்டும் என்றார் சின்ன அப்பாயி. அவர் கடைசியாகப் பார்த்தபோது என் அப்பாவுக்கு எட்டு வயது. லயத்தில் சிக்னல் இல்லை, மேலே மூன்றாவது முடக்கில்தான் வரும். நடந்தால் அவருக்கு ஏலாது, ஓட்டோ கூடலூருக்குப் போய்விட்டது. புதுக்குடியிருப்பு என் வண்டியைச் சுற்றிப் பார்த்தான், பின் சீற்றில் போர்வையை நாலாக மடித்துக் கட்டினான், கால் வைக்கிற கம்பியை இறக்கிவிட்டான். பிறகு, "மச்சான், முதலாவது கியர். இரண்டாவதுக்குப் போகாத" என்றான். அவர் தலையில் என் ஹெல்மெட்டைப் போட்டு வாரைக் கட்டினேன். இரண்டு பேரும் இரண்டு பக்கம் நடந்து வந்தார்கள்.

தோட்டத்து ரோட்டு, கல்லும் மண்ணும். அவருக்குப் பாரமே இல்லை, என் இடுப்பைப் பிடித்த பிடி மட்டும் இறுக்கம். முதல் முடக்கு சரி. இரண்டாவதுக்கு முதல் என் முதுகில் தட்டினார். "நில்லு. லொறி வருது." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நடந்து வந்த இருவருக்கும் கேட்கவில்லை. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். பறவைச் சத்தம் மட்டும். "எங்கே சின்ன அப்பாயி?" என்றேன். "மேல. ரெண்டு முடக்குக்கு அங்க. கொழுந்து ஏத்திக்கிட்டு வருது, பாரமா வருது" என்றார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் கேட்டது. பிறகு வந்தது, கொழுந்து மூட்டை ஏற்றின லொறி, முழு முடக்கையும் அடைத்துக்கொண்டு.

மூன்றாவது முடக்கில் வீடியோவில் அப்பா வந்தார். இரண்டு பேரும் முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்பா "சின்னம்மா" என்றார், ஒரு முறைதான். சின்ன அப்பாயி ஹெல்மெட்டோடேயே, "சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் தள்ளிப் போய் நின்றுகொண்டோம். சார்ஜ் தீரும் வரை பேசினார்கள்.

இன்றைக்கு இங்கேதான் படுக்கிறோம். வெளியே மழை தூறுகிறது.

ஆறாம் நாள்: சேரம்பாடி – மசினகுடி – கல்லட்டி – மேட்டுப்பாளையம்

வெளிக்கிடும்போது சின்ன அப்பாயி துணிப்பையில் தேயிலைத் தூள் தந்தார். "அக்காவுக்குப் படைச்சுட்டுக் குடிங்க" என்றார். பையைப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை, ஜக்கற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

கூடலூர், தெப்பக்காடு, மசினகுடி. முதுமலைக் காட்டுக்குள் எங்கேயும் நிறுத்தவில்லை, மான்களையும் ஓடிக்கொண்டே பார்த்ததுதான். மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி. கொல்லிமலையில் எழுபது என்றாலும் இந்த முப்பத்தாறுதான் கடினம், அவ்வளவு செங்குத்து. வெளி வண்டிகள் இதில் ஏறலாம், இறங்க விடமாட்டார்கள். பிரேக் போன கதைகள் இந்த ரோட்டில் நிறைய. பல முடக்கில் முதலாவது கியர்தான், வண்டி நின்றுவிடும் போலிருக்கும், நின்றால் பின்னால் உருளும். மல்லாவி ஒரு இடத்திலும் காலை ஊன்றவில்லை. ஊட்டியில் இறங்கி அவன் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தான்.

குன்னூரிலிருந்து இறக்கம், 14 முடக்கு. மலை ரயில் ஒன்றைக் கண்டோம். தண்டவாளத்துக்கு நடுவே பல்லுச் சட்டம் இருக்கிறது, எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்லுச் சில்லு அதைப் பிடித்துக்கொண்டுதான் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏறி இறங்குகிறது. 1899 இலிருந்து. புதுக்குடியிருப்பு அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அதுவும் கியரிலதான் இறங்குது, பார்" என்று மல்லாவியிடம் சொன்னான்.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் முழு இறக்கமும் வந்தேன். பர்லியாறுக்கு மேலே ஒரு முடக்கில் கீழேயிருந்து பஸ் ஏறுகிறது என்று எனக்குக் காதில் பிடிபட்டது. ஓரம் கட்டினேன். வந்தது.

ஏழாம் நாள்: மேட்டுப்பாளையம் – திருச்சி

கரூர் வழியாக நேர் ரோட்டு. வண்டியை ஒப்படைக்க முதல் புதுக்குடியிருப்பு ஒரு சேர்விஸ் கடையில் மூன்றையும் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பின் பிரேக்கை மறுபடியும் மிதித்துப் பார்த்தான். மாற்றின பிரேக் ஒயிலைப் பற்றியும் வாடகைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டான், அடுத்தவன் ஏறப்போகிற வண்டி என்று. மீற்றரில் 900 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட.

நாளை மறுநாள் கப்பல். அப்பா இன்றைக்கு மட்டும் மூன்று தடவை போன் எடுத்துவிட்டார். கடைசித் தடவை தேயிலையைப் பற்றிக் கேட்டார், தூளா இலையா என்று. தூள் என்றேன். அப்படியென்றால் அப்பாயியின் பித்தளைச் செம்பை விளக்கி வைக்கிறேன் என்றார்.